மீட்பு ஆபரேஷன் செய்தியில எது ஒருபக்கச் சாய்வு, எப்படி கண்டுபிடிக்கிறது?

வாசகர் கேள்வி: ராணுவம் பணயக்கைதிகளை மீட்டா ஒரு சேனல் அதை சாகசமா காட்டுது, இன்னொண்ணு செத்தவங்க எண்ணிக்கையை மட்டும் பேசுது. யாரை நம்புறது?

முதல்ல ஒண்ணு, "இது எங்களுக்கு எதிரா இருக்கு"ங்கிற உங்க கோபத்தை ஆதாரமா எடுத்துக்காதீங்க. 1982ல லெபனானோட பெய்ரூட்ல பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பத்தின ஒரே டிவி செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்கள், அரபு ஆதரவு மாணவர்கள் ரெண்டு பேருக்கும் அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல போட்டுக் காட்டினாங்க, ரெண்டு தரப்புமே சேனல் நமக்கு எதிரின்னு சொல்லிச்சு. 1985ல வந்த ஆய்வு இது.

அப்புறம், யார் சொல்லி எழுதினாங்கன்னு பாருங்க. இதுதான் முக்கியம். ஆபரேஷன் நடக்குற இடத்துல பெரும்பாலும் நிருபர் இருக்க மாட்டாரு, ஆரம்பத்துல ராணுவம் குடுக்குறதுதான் பெரும்பாலும் செய்தி, வீடியோவும் பல நேரம் அவங்க எடுத்து வெட்டிக் குடுக்குறதுதான். 2003 ஏப்ரல் 1ல ஈராக்கோட நாசிரியா ஆஸ்பத்திரியில இருந்து, ஈராக் படைகிட்ட பிடிபட்டிருந்த அமெரிக்க ராணுவ வீராங்கனை ஜெசிகா லிஞ்ச்சை அமெரிக்கப் படை மீட்டாங்க, பச்சை பச்சையா நைட் விஷன் வீடியோ உலகம் பூரா ஓடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, லிஞ்ச் பிடிபடுறப்போ கடைசி வரைக்கும் சுட்டு சண்டை போட்டாங்கன்னு எழுதுச்சு, ஆதாரம் பேர் சொல்லாத அதிகாரிங்க. உண்மையில அவங்க துப்பாக்கி ஜாம் ஆகி ஒரு தோட்டா கூட சுடல, 2007ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி அந்தக் கதையை அவங்களே மறுத்தாங்க. எதிர்ப்பக்கமும் சறுக்குச்சு, மீட்பே நாடகம்னு பரவுன பேச்சுக்கு பென்டகன் (அமெரிக்க ராணுவத் தலைமையகம்) விசாரணையில ஆதாரம் கிடைக்கல. ராணுவம் தன்னையே விசாரிச்சதுதானேன்னு நீங்க கேட்கலாம், கேட்கவும் வேணும்.

எண்ணிக்கைக்கும் இதே கேள்விதான். 2024 ஜூன் 8, காஸாவோட நுசைராத்ல இஸ்ரேல் 4 பணயக்கைதிகளை மீட்டுச்சு. செத்தவங்க 274 பேர்னு காஸா சுகாதார அமைச்சகம் சொல்லிச்சு, பாதிக்கப்பட்டவங்க 100க்குள்ளன்னு இஸ்ரேல் ராணுவம் சொல்லிச்சு. தலைப்புல 4 மட்டும் இருந்தாலும் சரி, 274 மட்டும் இருந்தாலும் சரி, உள்ள போய் அடுத்த எண் எத்தனாவது பாராவுல வருது, அதுக்குப் பக்கத்துல யார் சொன்னதுன்னு இருக்கான்னு பாருங்க, ஒரு தரப்புக்கு மட்டும் "கூறப்படுகிறது" போட்டு இன்னொரு தரப்பு சொன்னதை அப்படியே உண்மையா எழுதியிருந்தா அங்கதான் சாய்வு.

ரெண்டு மாசம் கழிச்சு அதே பேப்பரைத் தேடுங்க. லிஞ்ச் கதையை ஜூன்ல போஸ்ட்டே மறுபடி தோண்டி நீளமா எழுதுச்சு. அப்படி திரும்பி வராத சேனலைத்தான் நான் சந்தேகப்படுவேன்.