மூணு கொட்டேஷன், ஒரே முதலாளி

கேள்வி: கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் நாங்கள் நாலு பேர். எங்கள் பஞ்சாயத்து வாங்கும் சாமான், போடும் ரோடு எல்லாவற்றையும் தமிழில் ஒரு இணையதளத்தில் போட ஆரம்பித்தோம். ஆறு மாதமாக டெண்டர் நோட்டீஸ்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். யாரும் பார்ப்பதில்லை, பார்த்தவர்களுக்கும் புரியவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஒன்றேமுக்கால் லட்சத்துக்குப் புதிய தளம் செய்து தருவதாகச் சொல்கிறார். கான்ட்ராக்டர் பெயரைப் போட்டால் கேஸ் வருமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கம்பெனிக்காரருக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள். ஸ்கேன் ஏற்றுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். டெண்டர் நோட்டீஸ் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதை வைத்துக்கொண்டு பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள், பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று யாராவது கண்டுபிடிக்க முடியுமா? நீங்கள் ஆறு மாதமாகப் பத்திரிகையை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊர்க்காரருக்கு வேண்டியது ஒரே வரி. என்ன சாமான், எத்தனை, ஒன்று என்ன விலை, யாரிடம், எவ்வளவு பணம் கைமாறியது, சாமான் வந்ததா. வைத்துக்கொள்வோம்: "தெருவிளக்கு, 20 வாட்ஸ் எல்இடி, 150 எண்ணம், ஒன்று இவ்வளவு ரூபாய், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய தேதி இது, கம்பத்தில் ஏறியது 112." இப்படி எழுதினால் டீக்கடையில் பேச்சு தானாக வரும். மொத்தத் தொகையை மட்டும் போட்டால் வராது. நாலு லட்சம் அதிகமா குறைச்சலா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பல்பு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஒரு வரியை எழுத நீங்கள் நாலு வாசல் ஏற வேண்டியிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். திட்டப் பட்டியல் கேரள உள்ளாட்சிகளின் திட்ட மென்பொருளான சுலேகாவில் இருக்கும். டெண்டர் கேரள அரசின் இ-டெண்டர் தளத்தில் இருக்கும், அங்கே ஒவ்வொரு தேடலுக்கும் கோணல் எழுத்தைப் படித்து அடிக்க வேண்டும், கண்ணாடி போட்டவர் பாடு திண்டாட்டம். செலவு வேறொரு கணக்கு மென்பொருளில், தணிக்கை அறிக்கை இன்னொரு துறையின் தளத்தில். ஒரு வாசலின் சாவி அடுத்த வாசலுக்குப் பொருந்தாது. ஒரே வேலைக்கு நாலு இடத்தில் நாலு எண். உலகத்தில் இதற்கென்று 2014-லேயே ஒரு பொதுமுறை வகுத்துவிட்டார்கள். திட்டமிடல், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், நிறைவேற்றம் என ஐந்து கட்டத்துக்கும் ஒரே அடையாள எண். ஸ்லோவாக்கியா என்ற சின்ன நாட்டில் 2011 முதல் அரசு ஒப்பந்தத்தை இணையத்தில் வெளியிட்டால்தான் அது செல்லுபடியாகத் தொடங்கும். நம்மிடம் கம்ப்யூட்டருக்கா பஞ்சம்? எண்ணை ஒன்றாக்க எவருக்கும் மனசில்லை, அவ்வளவுதான். அவர்கள் செய்யும்வரை காத்திருக்காமல் நீங்களே ஒரு எண் கொடுங்கள். பஞ்சாயத்தின் சுருக்கப் பெயர், நிதியாண்டு, வரிசை எண் போதும். நாலு வாசலில் கிடைத்ததையும் அந்த எண்ணின் கீழ் கட்டுங்கள். எக்ஸெல் தாளே இதற்குத் தாராளம்.

அடுத்தது மொழி. மலையாளக் காகிதத்தில் "அடங்கல் துக" என்று வரும். நம் ஊர் விவசாயி அதைப் படித்தால் கிராம அதிகாரியின் பயிர்க் கணக்கு என்றுதான் நினைப்பார். அது மதிப்பீட்டுத் தொகை. "தர்காஸ்" என்றால் டெண்டர். இந்த மாதிரி இருபது முப்பது சொல்லுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் வையுங்கள். எழுத்தெழுத்தாகத் தமிழ்ப்படுத்தி ஏமாற வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தளத்தில் விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள். பெயரை நம்பாதீர்கள். ஒரே ஆள் மலையாளத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. "எண்டர்பிரைசஸ்", "டிரேடர்ஸ்", "ஏஜென்சீஸ்" என்று வால் மட்டும் மாறும். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடம். முதல் இரண்டு மாநிலம்: கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் எண். அதாவது மாநிலம் மாறினாலும் நடுவில் உள்ள பத்து மாறாது.

ஒரு முறை ஒரு ஆபீஸில் (எது என்று வேண்டாம்) ஸ்கூலுக்கு பெஞ்ச் வாங்கிய பைல் என் மேஜைக்கு வந்தது. மூணு கொட்டேஷன், முறைப்படி ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். எல்லாம் சுத்தம். லெட்டர்ஹெட் மூணும் மூணு நிறம். ஒன்று பொள்ளாச்சிப் பக்கம், 33. மற்றது பாலக்காட்டுப் பக்கம், 32. அளவுகோலை எடுத்து எண்ணுக்கு நேரே வைத்துப் படித்தேன். முதல் இரண்டை விட்டுப் பார்த்தால் அடுத்த பத்தும் ஒன்றே. இரண்டு கடை, ஒரே பான், தன்னோடு தானே போட்டி போட்டுத் தோற்றிருக்கிறார் மனிதர்! மூன்றாவது கொட்டேஷனில் பான் வேறு. ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பதிவான தேதி கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள் முன்னால். எல்லை ஓரத்தில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப வசதியான வித்தை. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒரு போர்டு, இந்தப் பக்கம் ஒரு போர்டு. இரண்டு மாநிலத்தில் கடை வைப்பது குற்றமில்லை. இரண்டையும் எதிரெதிர் போட்டியாளர் என்று பைலில் காட்டுவதுதான் மோசடி.

உங்கள் தளத்தில் இதற்கென்று பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். அந்தப் பத்து எழுத்தைத் தனிக் கட்டத்தில் பிரித்து, ஒரே மாதிரி வந்தால் மஞ்சள் நிறம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நாலு பேரில் எக்ஸெல் தெரிந்தவர் அரை நாளில் செய்துவிடுவார். வியாபாரிகள் கடைப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டிய எண் அது. ரகசியம் ஒன்றுமில்லை.

இ-டெண்டர் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் நடக்குமா என்பீர்கள். எல்லையோர ஊர் ஒன்றில் ஒரு இண்டர்நெட் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மேஜையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே பென்டிரைவ் மாதிரி ஏழெட்டு டோக்கன். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, பால்பாயிண்டில் பெயர். எல்லாம் கான்ட்ராக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து. "பாஸ்வேர்டும் நம்ம கிட்டதான் சார். அவுங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றார் பெருமையாக. ஒரே வேலைக்கு நாலு பேர் போடும் விலை ஒரே மேஜையில், ஒரே விரலால் அடிக்கப்படுகிறது. பூட்டு டிஜிட்டல், சாவிக்கொத்து டப்பாவில். "டெண்டர் போட்டுத் தருகிறோம்" என்று பலகை வைத்த இடங்களைப் பற்றி எனக்கு இதற்கு மேல் மரியாதை கிடையாது. ஆகவே டெண்டரில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பதோடு, தோற்றவர்கள் யார், எவ்வளவு விலை போட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். ஜெயித்தவர் பெயரை எல்லோரும் பார்ப்பார்கள். தோற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் யார் என்பது பத்து வரி சேர்ந்த பிறகு தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம். கேரளப் பஞ்சாயத்தில் டெண்டரே இல்லாமல் வேலை நடந்திருந்தால் உடனே திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். 1996-ல் மக்கள் திட்டம் வந்த நாளிலிருந்து இங்கே குணபோக்து சமிதி, அதாவது பயனாளிகள் குழு என்று ஒன்று உண்டு. ஓடை கட்டுவது, நடைபாதை போடுவது மாதிரி வேலைகளை, அதனால் பயன் பெறும் ஊர்க்காரர்களே கூடி, ஒரு கன்வீனரைத் தேர்ந்தெடுத்து, பஞ்சாயத்தோடு ஒப்பந்தம் எழுதி எடுத்துச் செய்வார்கள். கான்ட்ராக்டரை வெளியே நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. தமிழ்நாட்டுக் கண்ணோடு பார்த்தால் "டெண்டர் எண்: இல்லை" என்றதும் ரத்தம் கொதிக்கும். கொதிக்க வேண்டாம். டெண்டர் எண்ணையே அடித்தளமாக வைத்துத் தளம் கட்டினால் இந்த வேலைகள் மொத்தமும் கண்ணில் படாமல் போகும். அதனால்தான் சொந்த எண் கொடுங்கள் என்றேன். இந்த வேலைகளுக்குத் தனி வடிவம் வையுங்கள்: பயனாளிகள் கூட்டம் நடந்த தேதி, வந்தவர் எத்தனை, கன்வீனர் யார், சிமென்ட்டும் ஜல்லியும் வாங்கிய பில் யார் பெயரில், மஸ்டர் ரோலில், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில், கையெழுத்துப் போட்டவர் எத்தனை. ஏனென்றால் நல்ல ஏற்பாட்டிலும் பினாமி புகுந்துவிடுவான். கன்வீனர் பெயருக்கு நிற்பார், பின்னால் நிற்பது கான்ட்ராக்டர். மூன்று வார்டில் மூன்று கன்வீனர், ஆனால் சிமென்ட் பில் மூன்றும் ஒரே ஆளின் கணக்கில் என்றால் புரிந்துகொள்ளுங்கள். அப்படி இல்லாமல் உண்மையாகவே ஊர் கூடி ஓடை கட்டியிருந்தால், அதையும் அதே அழுத்தத்தோடு தளத்தில் சொல்லுங்கள். கன்வீனராக நிற்பவர் நாளைக்கு உங்கள் சித்தப்பாவாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு மஞ்சள் பூசிவிட்டால் ஊரில் முகம் கொடுக்க முடியாது.

கேஸ் பயத்துக்குச் சுருக்கமான மருந்து: பதிவேட்டில் இருப்பதை எழுதுங்கள், அடைமொழியை எழுதாதீர்கள். "பான் எண் ஒன்றே" என்பது தகவல். "கொள்ளைக்காரர்" என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவுக்கு, அதாவது அவதூறு வழக்குக்கு, நீங்களே போடும் அழைப்பு. ஒவ்வொரு வரிக்கும் எந்தக் காகிதத்திலிருந்து எடுத்தது என்று பக்கத்தில் போடுங்கள். சம்பந்தப்பட்டவர் மறுப்பு அனுப்பினால் அதே வரியின் கீழ் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பாங்க் கணக்கு, போன் நம்பர், ஆடு மாடு வீடு வாங்கிய ஏழைகளின் பெயர் எதுவும் வேண்டாம். சிங்க முத்திரையைத் தலைப்பில் வைக்காதீர்கள், அதைத் தடுக்க 2005-லேயே சட்டம் இருக்கிறது.

காகிதம் எங்கே கிடைக்கும்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய், முப்பது நாள். "கொள்முதல் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் எல்லா விவரமும் இல்லை என்று பதில் வரும். ஒப்பீட்டுப் பட்டியல், பில், ஸ்டாக் ரிஜிஸ்டரின் அந்தப் பக்கம், ரோடு என்றால் எம்-புக்கின் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அந்தப் பக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரில் பைலைப் பார்க்கவும் வேலையைப் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு, அதைக் கேட்பவர்கள் குறைவு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லிருந்து, சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்கு நாம் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் வர வேண்டும். வருகிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். கடிதத்தைத் தமிழில் எழுதி, மலையாளப் பிரதி ஒன்றையும் பின் செய்து கொடுங்கள். கௌரவமும் போகாது, ஒரு மாதமும் மிச்சம்.

கோயமுத்தூர்க்காரரிடம் மீண்டும் வருகிறேன், மனசு ஆறவில்லை. இந்த வகை ஆட்கள் முதலில் உங்களிடம் வருவார்கள். நீங்கள் மாட்டேன் என்றால் அதே தளத்தை "வெளிப்படைத்தன்மை போர்ட்டல்" என்று பஞ்சாயத்திலேயே விற்பார்கள், அதுவும் டெண்டர் இல்லாமல். தளத்தின் முகவரியைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்வார்கள். இரண்டாம் வருடம் ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை என்றால் உங்கள் உழைப்பு மொத்தமும் அவர்கள் பூட்டுக்குள். முகவரியை உங்கள் வாசகசாலை பெயரில் நீங்களே வாங்குங்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். எக்ஸெல் தாளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்காதீர்கள் தம்பி. இந்த நிதியாண்டு, உங்கள் ஒரு பஞ்சாயத்து, தெருவிளக்கு மட்டும். இரவு எட்டு மணிக்குக் கம்பங்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த கிராமசபைக்குப் போகும்போது அந்த வரிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள். அங்கே வரும் பெரியவர்களில் பாதிப் பேர் போனில் தளம் பார்ப்பவர்கள் இல்லை.