காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கிறது, இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் வயதாலோ பேரொலியாலோ சிதையும்போது மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால் இல்லாத ஒலி கேட்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதனால்தான் நிசப்தமான அறையில் அது பெரிதாகத் தெரிகிறது. படுக்கும்போது மின்விசிறியையோ மழை ஒலிப்பதிவையோ மெல்ல ஓடவிடுங்கள். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தம் வேண்டாம். கேட்கும் திறன் குறைந்திருந்தால் செவித்துணைக் கருவி பலருக்கு இதையும் தணிக்கிறது.

மாத்திரை விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். இதை அறவே போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இரைச்சல் தரும் மன உளைச்சலைக் குறைப்பதில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை, CBT) நல்ல சான்று இருக்கிறது.

ஒரு காதில் மட்டும் கேட்டாலோ நாடித்துடிப்போடு ஒலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றே செல்லுங்கள். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.