கேம் முடியவில்லை, கொடுத்தவர்கள் பணத்தைக் கேட்கிறார்கள்: கைது செய்வார்களா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிதான் (படுகர் கிராமம்) என் ஊர். வயது 26. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பையன் இருட்டில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தே வீடு போய்ச் சேருவதை வைத்து ஒரு வீடியோ கேம் செய்கிறேன். வழியில் கரடி, காட்டெருமை எல்லாம் வரும். பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இந்தியாவில் இருப்பவர்கள் திட்டம் தொடங்க வழியில்லை என்பதால், போன வருஷம் பொங்கல் சமயத்தில் சொந்தமாக வெப்சைட் போட்டு யுபிஐ மூலம் பணம் திரட்டினேன். இலக்கு 6 லட்சம்; 214 பேரிடமிருந்து வந்தது சுமார் 2.7 லட்சம். 499 ரூபாய் கொடுத்தால் கேம். 1,999 கொடுத்தால் கேமும் ‘தோடர் எம்பிராய்டரி’ டி-ஷர்ட்டும். 25,000 கொடுத்தால் ‘துணைத் தயாரிப்பாளர்’: லாபத்தில் 2 சதவீதம், 18 மாதத்தில் அசலும் திரும்ப. அப்படிக் கொடுத்தவர்கள் மூன்று பேர், ஒருவர் என் தாய்மாமா. தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன கேம் பாதிதான் முடிந்திருக்கிறது. கோட் எழுதிய கோயம்புத்தூர் நண்பன் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டான். கோட் தன்னுடையது என்கிறான். என்ன சொல்வதென்று தெரியாமல் நான்கு மாதமாக சைட்டில் எதுவும் போடவில்லை. பெங்களூர்க்காரர் ஒருவர் ‘420 கேஸ் போடுவேன்’ என்று மெயில் அனுப்புகிறார். குன்னூரிலிருந்து ஒருவர் 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸே அனுப்பிவிட்டார். என்னைக் கைது செய்வார்களா? எல்லாருக்கும் பணத்தைத் திருப்ப வேண்டுமா? இதுவரை முடிந்ததை இட்ச்.ஐஓ என்ற ஆன்லைன் கேம் கடையில் விற்கலாமா?

பதில்: முதலில் அந்த 420. இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு போய்விட்டது; இப்போது மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. மிரட்டுகிறவர்கள் மட்டும் பழைய எண்ணை விடமாட்டேன் என்கிறார்கள். எண் எதுவானாலும், மோசடி என்று வழக்கு நிற்க வேண்டுமானால் பணம் வாங்கிய அன்றைக்கே உங்களுக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நல்லபடியாக ஆரம்பித்து, சொன்ன தேதிக்குத் தர முடியாமல் போனால் அது ஒப்பந்த மீறல், சிவில் விவகாரம். 2000-இல் வந்த ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே ஏழு வருஷம் என்பதால், புகார் போனாலும் வழக்கமாக முதலில் வருவது ‘விசாரணைக்கு வாருங்கள்’ என்ற நோட்டீஸ்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 35-ஆவது பிரிவு அது. வந்தால் போய் நில்லுங்கள். இசையமைத்தவருக்குப் பணம் அனுப்பிய ரசீது, கம்ப்யூட்டர் வாங்கிய பில், பழைய டெமோ, நண்பனோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வேலை நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே வரி, நான்கு மாதமாக எதுவும் போடவில்லை என்பது. கேம் தாமதமாவது உலகம் முழுக்க நடக்கிறது, காசு கொடுப்பவர்களுக்கும் அது தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டு பதில் பேசாமல் இருப்பதைத்தான் போலீஸ் ஸ்டேஷனில் ‘ஆள் தலைமறைவு’ என்று எழுதிக்கொள்வார்கள்.

இனி பணம். வெப்சைட்டில் எல்லாவற்றையும் ‘ஆதரவு’ என்று ஒரே பெயரில் போட்டிருக்கிறீர்கள். சட்டம் அந்தப் பெயரைப் பார்க்காது, பதிலுக்கு என்ன தருவதாகச் சொன்னீர்கள் என்பதைத்தான் பார்க்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டு விதமான பணம்.

இதில் ஆபத்தானது 25,000 ரூபாய்க் கணக்கு, அதாவது மொத்தம் 75,000. மற்ற 211 பேரைப் பற்றிப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். நான் பயப்படுவது இந்த மூன்று பேர் விஷயத்தில். அசலைத் திருப்பித் தருகிறேன், மேலே லாபமும் தருகிறேன் என்று ஊரறிய விளம்பரம் செய்து பணம் வாங்கினால், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் வருஷத்துச் சட்டம் அதை டெபாசிட் என்று பார்க்கும். சீட்டுக் கம்பெனிகளும் ஈமு கோழிக் கம்பெனிகளும் கொடுத்த அடியில் பிறந்த சட்டம் இது, கடுமையானது. இப்படி டெபாசிட் வாங்கினால் 2 முதல் 7 வருஷம் சிறை, 3 முதல் 10 லட்சம் வரை அபராதம். ‘நான் இதைத் தொழிலாகச் செய்யவில்லை, மூன்றே பேர்’ என்று வாதாட இடம் இருக்கிறது, நல்ல வாதமும்கூட. ஆனால் அதைக் கோர்ட்டில் நின்று வாதாடும் நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

‘மாமா சொந்தம்தானே’ என்று நினைப்பீர்கள். உறவினரிடம் ஒருவர் வாங்கும் கடனுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் உறவினர் யார் என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: கணவன் மனைவி, அப்பா அம்மா, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் என்ற அளவில் முடிந்துவிடும். நம் வீடுகளில் முதல் மரியாதை வாங்கும் தாய்மாமாவுக்கு அதில் இடமில்லை.

அதனால் முதல் வேலை, வீட்டில் கேட்டோ நகையை வைத்தோ இந்த 75,000-ஐத் திருப்பிவிடுங்கள். வங்கி வழியாக மட்டும். ‘முழுத்தொகையும் கிடைத்தது, லாபப் பங்கு ஏற்பாடு ரத்து’ என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், மாமாவிடமும்தான். அந்த 25,000 வரியை சைட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரத்தை அழித்தான் என்று யாரும் சொல்லக்கூடாது. நாளைக்கு நிஜமாகவே முதலீட்டாளர்கள் வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி, கம்பெனிச் சட்டம் 42-ஆவது பிரிவின்படி பங்கு கொடுக்கலாம். ஒரு நிதியாண்டில் 200 பேருக்குமேல் கூடாது, பொது விளம்பரமும் கூடாது. இணையத்தில் எல்லாருக்கும் பங்கு விற்கும் கிரவுட்ஃபண்டிங்குக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-இல் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, ஆனால் 2016-இலேயே அங்கீகாரமில்லாத தளங்களைப் பற்றி எச்சரித்தும்விட்டது.

499-உம் 1,999-உம் கொடுத்த 211 பேர் வேறு ரகம். அவர்கள் கொடுத்தது ஒரு பொருளுக்கான முன்பணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இணைய வணிகத்தில் டிஜிட்டல் பொருளையும் சேர்த்திருக்கிறது, ஆகவே அவர்கள் நுகர்வோர் என்று வாதிட முழு இடம் உண்டு. ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று சைட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தாலும், பொருளே தராதவரை அது உங்களைக் காப்பாற்றாது. புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதுதான் புதிய சட்டத்தின் பெரிய மாற்றம். குன்னூர்க்காரர் உதகையில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போவார். பெங்களூர்க்காரர் மலை ஏறி வர வேண்டியதே இல்லை, நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 499 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். 499-க்கு வழக்குப் போடுகிறவர்தான் அதைக் கடைசி வரை விடாமல் நடத்துவார்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 6 லட்சம் இலக்கு என்று போட்டுவிட்டு, பாதிகூட வராதபோதும் வேலையை ஆரம்பித்திருக்கிறீர்கள். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொடாவிட்டால் யார் கார்டிலிருந்தும் பணம் எடுக்க மாட்டார்கள். புனேயில் உருவான ‘ராஜி’ கேமுக்கு 2017-இல் அதுதான் நடந்தது. இலக்கு எட்டவில்லை, பணமும் வரவில்லை. வேறு வழியில் நிதி தேடி 2020-இல் கேமைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அது பெரிய அடிதான், ஆனாலும் யாருக்கும் கடன்படவில்லை. உங்கள் சைட்டில் அப்படி ஒரு பிரேக் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. இலக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஏதாவது எழுதியிருந்தீர்களா? இருந்தால் அதுதான் ஒப்பந்தம், அதை எனக்கு உடனே அனுப்புங்கள்.

எல்லாருக்கும் திருப்ப வேண்டுமா என்றால், கேட்கிறவர்களுக்குத் திருப்ப வேண்டிவரும், பொறுப்பவர்களுக்குக் கேமைத் தரலாம். ஆனால் உணர்ச்சிவசப்பட்டு ‘அனைவருக்கும் பணம் திருப்பித் தரப்படும்’ என்று பதிவு போட்டுவிடாதீர்கள். பொருளுக்கான முன்பணம் டெபாசிட் ஆகாது; ஆனால் அது திருப்பித் தர வேண்டிய பணம் என்று ஆகி 15 நாள் தாண்டினால் டெபாசிட் ஆகிவிடும் என்று அதே 2019 சட்டம் சொல்கிறது. கையில் பணம் வந்த பிறகு, வந்த அளவுக்கு மட்டும் தேதி கொடுங்கள்.

கிக்ஸ்டார்ட்டரின் விதிகளில் ஒன்று உங்களுக்கு இங்கே உதவும். திட்டம் முடியாமல் போனால் பணம் எப்படிச் செலவானது என்று கணக்குக் காட்டி, மிச்சம் இருப்பதைப் பொருள் கிடைக்காதவர்களுக்குத் திருப்ப வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் ஒருவர் சீட்டுக்கட்டு அச்சடிப்பதாகப் பணம் வாங்கிவிட்டு, சீட்டும் தராமல் பதிலும் சொல்லாமல் இருந்தார். 2014-இல் வாஷிங்டன் மாநில அரசே வழக்குப் போட்டது. மறு வருஷம் வந்த தீர்ப்பில், அந்த மாநிலத்தில் காசு கொடுத்த 31 பேருக்குத் திருப்பச் சொன்னது வெறும் 668 டாலர்; அபராதம் 31,000 டாலர்.

இந்த வாரமே சைட்டிலும் மெயிலிலும் போட ஒரு பதிவு எழுதித் தருகிறேன், இதை மாற்றாமல் போடுங்கள்: “கேம் தீபாவளிக்கு வரவில்லை. நான்கு மாதம் தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். இதுவரை வந்த பணமும் செலவும் கீழே இருக்கிறது. புரோகிராமர் விலகியதால் வேலை நின்றது. புதிய தேதி இது. காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் இந்த முகவரிக்கு எழுதினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்புகிறேன்.” வரும் மெயிலுக்கு 48 மணி நேரத்தில் ‘கிடைத்தது’ என்றாவது பதில் போடுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லுங்கள். 2020-ஆம் வருஷத்து இணைய வணிக விதிகள் கேட்பது இந்த அளவைத்தான்.

அடுத்து இட்ச்.ஐஓ. கோட் விவகாரம் முடியும்வரை அங்கே ஏற்றாதீர்கள். காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதியவர்தான் முதல் உரிமையாளர். நண்பன் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் இல்லை. கூகுள் பேயில் பணம் போயிருக்கலாம், உரிமை போகவில்லை. 19-ஆவது பிரிவின்படி உரிமை கைமாற எழுத்தில் கையெழுத்து வேண்டும். அதேபோல் கதையும் படங்களும் நீங்கள் செய்தவை, அவற்றை அவன் தொட முடியாது. நீங்கள் இல்லாமல் அவனுக்கும் ஒன்றும் இல்லை என்பதால் பேச்சுவார்த்தைக்கு நல்ல இடம் இருக்கிறது. விற்பனையில் ஒரு சதவீதம் கொடுத்தாவது பத்திரம் போடுங்கள். பத்திரத்தில் ‘உலகம் முழுவதும்’, ‘காப்புரிமை இருக்கும் காலம் முழுவதும்’ என்று இரண்டும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். உலகமெல்லாம் விற்கும் ஆன்லைன் கடைக்கு அது எதற்கும் உதவாது. ஒரு வருஷம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உரிமை காலாவதியாகும். அதற்கும் விலக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரம் ஆனதும் இட்ச்.ஐஓ நல்ல இடம்தான். தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே வைத்துக்கொள்ளலாம், எதுவும் மாற்றாவிட்டால் 10 சதவீதம். ஸ்டீம் என்ற இன்னொரு கேம் கடையில் நுழைய 100 டாலர் கட்டி, விற்பனையில் வழக்கமாக 30 சதவீதமும் விட வேண்டும். எங்கே விற்றாலும் ‘இது முடியாத பதிப்பு’ என்று மேலேயே போடுங்கள். விற்பனைக்கு முன் 214 பேருக்கும் இலவசமாக அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்துக் காத்திருப்பவர் அதே கேமைக் கடையில் பார்த்தால் வரும் கோபம் சாதாரணமாக இருக்காது.

டி-ஷர்ட்டைப் பற்றியும் ஒன்று. தோடர் எம்பிராய்டரி 2013 முதல் புவிசார் குறியீடு பெற்றது. திருப்பூரில் பிரிண்ட் போட்ட சட்டைக்கு அந்தப் பெயர் வைக்கக்கூடாது. பெயரை மாற்றுங்கள், அல்லது தோடர் பெண்களிடமே நேரில் வேலை கொடுத்து உரிய விலைக்கு வாங்குங்கள். அப்புறம், 20 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம் என்பது கேம் மாதிரியான சேவைக்குச் சரி. பொருளை விற்று வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது அந்த வரம்பு பொருந்தாது. பெங்களூருக்குச் சட்டை அனுப்பும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். வந்த 2.7 லட்சம் அன்பளிப்பு இல்லை, தொழில் வரவு, அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

ஆன்லைன் கேமுக்கே தடை வந்துவிட்டதே என்று வீட்டில் யாராவது பயமுறுத்தினால், 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி, ஜெயித்தால் பணம் கிடைக்கும் என்று ஆடும் ஆட்டங்களைக் குறிவைத்தது என்று சொல்லுங்கள். உங்கள் கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குன்னூர் நோட்டீஸுக்குக் கெடு முடியும் முன் பதில் போயாக வேண்டும். அதற்கு முன்னால் ஒருமுறை அவரை நேரில் போய்ப் பாருங்கள். கோத்தகிரியிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவர் கொடுத்தது 1,999 என்றால் அதைக் கையோடு அனுப்பிவிட்டு, நோட்டீஸ் வாபஸ் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது வழக்குச் செலவைவிடப் பல மடங்கு மலிவு. அவர் மறுத்தால் நோட்டீஸ், வங்கி ஸ்டேட்மென்ட், சைட்டின் பழைய ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் பதில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.