வீட்டுக்கடனை முடிக்கும்போது எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

கேள்வி: அஸ்தம்பட்டியில் வீடு வாங்க எடுத்த வங்கிக் கடனில் 4,20,000 ரூபாய் அசல் பாக்கி இருக்கிறது. மாறும் வட்டி, இப்போது 9 சதவீதம். மொத்தமாகக் கட்டிவிட நினைக்கிறேன். வங்கியில் எப்படிக் கேட்பது? என்ன காகிதங்கள் வாங்க வேண்டும்?
- வாசகர், சேலம்

பதில்: வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்: "என் வீட்டுக்கடன் கணக்கை இந்த மாதம் 25-ம் தேதி முழுவதும் கட்டி முடிக்க விரும்புகிறேன். அன்று வரையிலான அசல், வட்டி, இதர கட்டணங்களைத் தனித்தனியே குறிப்பிட்டு எழுத்தில் தரவும்." நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதியைக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 104 ரூபாய் வட்டி ஏறும். திங்களன்று சொன்ன தொகையை வெள்ளியன்று கட்டினால் நானூறு ரூபாய்க்கு மேல் குறையும். அந்தச் சில்லறைப் பாக்கியால் கணக்கு முடியாமல் கிடந்து, பின்னாளில் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) நிலுவையாகத் தெரியும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்க அபராதம் கிடையாது. கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கட்டியதும் நோ டியூ சர்டிபிகேட் (பாக்கி இல்லை என்ற சான்று), பூஜ்ஜியம் காட்டும் கணக்கு அறிக்கை, நீங்கள் கொடுத்ததில் மீதமுள்ள செக்குகள் ஆகியவற்றை வாங்குங்கள். தானியங்கித் தவணைப் பிடித்தத்தையும் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

அடுத்து பத்திரங்கள். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் உள்ளிட்ட தனிநபர் கடன் முழுவதும் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்துபோனால் நகல் எடுக்க வங்கி உதவி, செலவையும் ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. கடன் எடுத்தபோது கொடுத்த பத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். கிரயப் பத்திரம் வந்துவிடும். மூலப்பத்திரமும் கட்டட வரைபட அனுமதியும்தான் விட்டுப்போகும்.

பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள். அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்ய வங்கி இரசீது ஆவணம் எழுதிப் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய அடமானப் பதிவு அழியாது, அதோடு இரசீதுப் பதிவும் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

வங்கி இழுத்தடித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாக முறையிடலாம். உதவிக்குத் தொலைபேசி எண் 14448.

கேள்வி: காபித் தோட்டத்துக்கு எடுத்த கடன் வாராக் கடனாகிவிட்டது. ஒரு தொகை கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்கிறது வங்கி. ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: ஒப்புக்கொள்ளலாம், ஆனால் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வங்கியின் கடிதத்தில் தொகை, கடைசித் தேதி, மீதியைத் தள்ளுபடி செய்யும் வாசகம், ஜாமீன்தாரர் விடுவிப்பு, பத்திரம் திரும்பும் காலக்கெடு எல்லாம் இருக்க வேண்டும். மேலே சொன்ன 30 நாள் விதி தனிநபர் கடன்களுக்கானது, தோட்டக் கடனுக்கு அதை நம்பியிருக்க முடியாது. அதனால்தான் காலக்கெடுவை எழுதி வாங்கச் சொல்கிறோம். பணத்தைக் கடன் கணக்கிலேயே செலுத்துங்கள், வசூல் முகவர் கையில் வேண்டாம். தவணை தவறினால் சலுகையே ரத்தாகலாம்.

இப்படி முடித்த கடன் சிபிலில் 'முடிக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டித் தீர்த்தது) என்றே நிற்கும். அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். காபி விலை நன்றாக இருக்கும் ஓர் ஆண்டில் தள்ளுபடியான மீதியையும் கட்டி, பதிவைத் திருத்தித் தர முடியுமா என்று இப்போதே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.