நிகழ்தகவை எங்கிருந்து தொடங்குவது?

கிரேட் 10 பிள்ளைகள் நிகழ்தகவுச் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள், கணக்கும் போடுகிறார்கள், ஆனால் ஒன்றும் புரிந்த மாதிரி இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கணக்கு டீச்சர். சூத்திரத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். 'எத்தனையில் எத்தனை?' என்று கேட்கும் பழக்கத்தை முதலில் உண்டாக்குங்கள். அதிலும் முதலில் வரும் 'எத்தனையில்' முக்கியம். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்கள் நாட்டில் இதற்கு அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பர் 1 பவர்பால் லாட்டரிக் குலுக்கலில் 5, 6, 7, 8, 9 விழுந்தன, பவர்பால் எண் 10. மோசடி என்று ஊரே பேசியது, விசாரணை வரைக்கும் போனது. வகுப்பில் கேட்டால் இன்றைக்கும் "சான்ஸே இல்லை மேம்" என்றுதான் சொல்கிறார்கள். 50 எண்களில் 5, அப்புறம் 20 எண்களில் 1. மொத்தம் 4,23,75,200 விதமாக விழலாம். அதில் இந்த வரிசை ஒன்று. ஆயா பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்களை வைத்துப் போடும் சீட்டும் அதில் ஒன்றுதான். பிறகு ஏன் மனசு ஒப்ப மாட்டேன் என்கிறது? பிள்ளைகள் அந்த ஒரு சீட்டை இன்னொரு சீட்டோடு ஒப்பிடுவதில்லை. தாறுமாறாக எண்கள் உள்ள சீட்டுகள் அத்தனையோடும் சேர்த்து ஒப்பிடுகிறார்கள்.

இதை வாயால் சொன்னால் ஏறாது. 1 முதல் 10 வரை எழுதிய அட்டைகளைக் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, இரண்டிரண்டாக எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். எடுக்கும் முன்பே ஒரு கேள்வி: 1-2 அதிகம் வருமா, 4-9 அதிகம் வருமா? கை தூக்கச் சொல்லி, எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று போர்டில் எழுதிவிடுங்கள். முப்பது பேர் ஆளுக்குப் பதினைந்து தடவை எடுத்தால் 450. இருக்கிற ஜோடிகள் 45, ஆக ஒவ்வொன்றும் சுமார் 10 தடவை வரவேண்டும். சரியாகப் பத்து வராது, ஒன்று ஏழு வரும், இன்னொன்று பதின்மூன்று வரும். அந்த ஏற்ற இறக்கமும் பாடம்தான், தயவுசெய்து அதைச் சரிக்கட்டி அழகாக்காதீர்கள். அப்புறம் அடுத்தடுத்த எண்கள் உள்ள ஜோடிகளை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். 9தான் தேறும், மற்றவை 36. 'அடுத்தடுத்து வருவது குறைவு' என்று தோன்றியதில் தப்பில்லை, '1-2 மட்டும் 4-9ஐ விட அபூர்வம்' என்று நினைத்ததுதான் தப்பு என்பது அப்போது பிடிபடும். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு கிளம்பும் பாருங்கள், அதைக் கேட்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

அன்றைய முதல் பரிசு 20 பேருக்குப் பிரிந்து ஆளுக்கு 57 லட்சம் ராண்ட் கிடைத்தது. வரிசை எண்ணை நிறையப் பேர் போடுகிறார்கள். ஆகவே விழும் வாய்ப்பு சமம், கைக்கு வரும் பணம் சமமில்லை. லாட்டரிப் பேச்சே வகுப்பில் வேண்டாம் என்று சில பெற்றோர் சொல்வார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் நாலு கோடிக்கு மேல் சாத்தியங்களில் ஒன்று என்று தானே கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு ஆசை குறையும் என்றுதான் நான் நம்புகிறேன்.

மேல் வகுப்பு என்றால் வெள்ளத்தை எடுங்கள். 2022 ஏப்ரலில் டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். இழப்பைச் சந்தித்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம், பார்த்துப் பேசுங்கள். அப்படிப்பட்ட மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை, புவி வெப்பமானதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை என்று காலநிலை ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். "அப்படியென்றால் 2042 வரை பயமில்லை" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதற்காகத்தான் காத்திருக்கவேண்டும். ஒரு ஆண்டில் வர வாய்ப்பு 20இல் 1, அதாவது 0.05; வராமலிருக்க 0.95. இருபது ஆண்டும் வராமலிருக்க அதையே இருபது முறை பெருக்கினால் சுமார் 0.36. ஆக, இருபது ஆண்டு வீட்டுக் கடன் அடைந்து முடிவதற்குள் ஒருமுறையாவது வர 64 சதவீதம். பழைய நிலவரப்படி 40 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர்களையே பேச விடுங்கள்.

புள்ளியியலுக்கும் 'எத்தனையில்?' என்ற அதே கேள்விதான். எங்கள் நாட்டின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 6 கோடியே 20 லட்சம் பேர் என்றது. ஆனால் வீடு வீடாகப் போனபோது விடுபட்டவர்கள் 31 சதவீதம். தனியாக ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தித்தான் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அந்த எண்ணைச் சொன்னார்கள். யார் விடுபட்டிருப்பார்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். சராசரி, இடைநிலை எல்லாம் அந்தப் பேச்சிலேயே தானாக வந்துவிடும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். மெட்ரிக்கில், அதாவது இங்கே கிரேட் 12 இறுதித் தேர்வில், முதல் தாளில் நிகழ்தகவுக்குச் சுமார் 15 மதிப்பெண், இரண்டாம் தாளில் புள்ளியியலுக்குச் சுமார் 20. ஒரு வாரம் செலவழிக்க அது போதும். மரப்படத்தை அடுத்த வாரம் தொடங்குங்கள்: முதல் அட்டைக்கு 10 கிளை, இரண்டாவதற்கு 9, இரண்டு பக்கமும் எண்ணியதால் பாதியாக்கினால் 45. வட்டங்கள் வரைந்து காட்டும் வென் படம் அதற்கும் அப்புறம்.