தொடர்ந்து தோற்கும் அணியில் ஆடி, பிறகு எல்லாரும் மறந்துபோன மாற்று குவாட்டர்பேக்குகளில் யாரை நினைவு வைத்திருக்கிறீர்கள்?

அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸின் ரசிகனிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டோம். (நம் ஆட்களுக்கு கிளீவ்லாந்து என்றதும் தியாகராஜ ஆராதனைதான் ஞாபகத்துக்கு வரும். உள்ளூர்க்காரர்கள் முதலில் பிரவுன்ஸைப் பற்றிப் புலம்பிவிட்டுத்தான் மற்ற பேச்சுக்கே வருவார்கள்.)

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு: பந்தை எறிவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வது எல்லாம் குவாட்டர்பேக் வேலை. அவருக்கு அடிபட்டாலோ, சொதப்பினாலோ இறங்குவதற்காக ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நல்ல அணியில் இந்த இரண்டாவது ஆளின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போகலாம், பிரவுன்ஸில் மூன்றாவது ஆளின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய அணியை அதன் உரிமையாளர் 1996-ல் பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார், அதுதான் இன்றைய ரேவன்ஸ். 1999-ல் பிரவுன்ஸ் புதிதாகத் திரும்பி வந்தது. டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக டிம் கவுச் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள், ஆனால் முதல் ஆட்டத்தில் இறக்கியது டை டெட்மரை. பிட்ஸ்பர்கிடம் 43-0 தோல்வி. அப்புறம் ஊருக்குள் ஒரு ஜன்னலில் கவுச்சின் ஜெர்சியை மாட்டி, அவர் பெயருக்குக் கீழே புதுப் புதுக் குவாட்டர்பேக் பெயர்களை ஒட்டிக்கொண்டே வந்தார்கள், ஒரு கட்டத்தில் ஒட்ட இடமில்லாமல் பட்டியல் கீழே தொங்க ஆரம்பித்தது.

எனக்கு அதில் முதலில் ஞாபகம் வருபவர் ஸ்பெர்கன் வின். 2000 டிராஃப்டில் ஆறாவது சுற்றில் 183-வது ஆளாக பிரவுன்ஸ் அவரை எடுத்தது. 199-வது ஆளாக நியூ இங்கிலாந்து எடுத்தது டாம் பிரேடியை, பின்னாளில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் ஆனவரை. வின்னின் பெயர் இன்றைக்கும் எங்காவது அடிபடுகிறது என்றால் இந்தக் கிண்டலுக்காகத்தான். அந்த வருடம் கவுச்சுக்குக் கட்டைவிரல் முறிந்தது, டக் பெடர்சன் இறங்கினார், அவராலும் தொடர முடியாமல் டிசம்பரில் ஜாக்சன்வில்லில் வின் இறங்க வேண்டியதாயிற்று. 48-0. ஆட்டம் முழுக்க அணி பந்தை முன்னே கொண்டுபோனது மொத்தமே 53 யார்டு. பிரவுன்ஸுக்காக அவர் தொடக்கத்திலிருந்து ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான், அதை வைத்து ஒரு மனுஷனை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. எதிராளியைத் தடுக்க ஆள் சரியில்லை, ஓடி யார்டு எடுக்கவும் ஆள் இல்லை. அந்த வருடம் பிரேடியே இங்கே வந்திருந்தாலும் அந்த ஜெர்சியில் ஒரு பெயராகத்தான் ஒட்டப்பட்டிருப்பார் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

அந்தப் பெடர்சன் என்ன ஆனார் தெரியுமா? 2018-ல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பயிற்சியாளராக சூப்பர் பவுல், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம், ஜெயித்தார், அதுவும் நிக் ஃபோல்ஸ் என்ற மாற்று குவாட்டர்பேக்கை வைத்து. எங்களுக்கு வயிறு எரியாதா?

கெல்லி ஹோல்காம்பை நினைத்தால் கிண்டல் வராது, வருத்தம்தான் வரும். 2002 சீசனின் கடைசி ஆட்டத்தில் கவுச்சுக்குக் கால் முறிய, பிளேஆஃபில் (சீசனுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்று) பிட்ஸ்பர்குக்கு எதிராக, அதுவும் அவர்கள் மைதானத்தில், ஹோல்காம்ப் இறங்கினார். எறிந்தே 429 யார்டு, மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). 24-7 என்று முன்னிலை, நான்காவது கால்பகுதியிலும் 33-21. இன்னும் ஒரு பந்தைப் பிடித்திருந்தால் கிட்டத்தட்ட நேரத்தை ஓட்டியிருக்கலாம், அந்தப் பந்து டென்னிஸ் நார்த்கட்டின் கையில் பட்டு நழுவியது. அந்த ஆட்டத்தில் அதற்கு முன் நன்றாக ஆடியவர்தான் அவரும், ஆனால் யாருக்கு அதெல்லாம் ஞாபகம்! கடைசி நிமிடத்தில் பிட்ஸ்பர்க் தாண்டிப்போனது, 36-33. அதற்கப்புறம் பிரவுன்ஸ் பிளேஆஃபைப் பார்த்தது 2021 ஜனவரியில்தான். ஜெயித்திருந்தால் ஹோல்காம்புக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

நடுவில் வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லி ஃபிரை 2007-ன் முதல் ஆட்டத்தில் இறங்கினார், பாதியிலேயே உட்காரவைக்கப்பட்டார், அந்த வாரமே சியாட்டிலுக்கு அனுப்பப்பட்டார். கென் டோர்சி, புரூஸ் கிராட்கவுஸ்கி இருவரும் 2008-ன் கடைசி வாரங்களைத் தள்ளியவர்கள். தாடியஸ் லூயிஸ் 2012-ன் கடைசி ஆட்டத்துக்கு. கவனித்தீர்களா, பாதிப் பேர் டிசம்பர் ஆட்கள். முதலாமவர் ஆஸ்பத்திரியில், இரண்டாமவர் கட்டோடு, சீசன் ஏற்கெனவே முடிந்த கதை, அப்போதுதான் இவர்களுக்கு வாய்ப்பே.

கானர் ஷாவும் அப்படி வந்தவர்தான். தென் கரோலைனா பல்கலைக்கழகத்துக்காகச் சொந்த மைதானத்தில் தொடங்கிய 17 ஆட்டங்களிலும் ஜெயித்தவர், ஆனாலும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2014-ன் கடைசி வாரம் பிரையன் ஹோயருக்குத் தோளில் அடி, ஜானி மான்சியலுக்குத் தொடையில். பயிற்சிக் குழுவில் இருந்த ஷாவைக் கூட்டிக்கொண்டு பால்டிமோருக்குப் போனார்கள். பிளேஆஃப் இடத்துக்காக ஆடிக்கொண்டிருந்த ரேவன்ஸுக்கு எதிராக, நான்காவது கால்பகுதி வரை பிரவுன்ஸ் 10-3 என்று முன்னால் இருந்தது! அந்தப் பக்கம் குவாட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ. அவர் அந்தக் கடைசிப் பகுதியில் இரண்டு டச்டவுன் எறிந்து 20-10 என்று முடித்துவிட்டார். ஷாவுக்கு அடுத்த வருடம் கட்டைவிரல் போனது, அதற்கடுத்த வருடம் சிகாகோவில் கால் முறிந்தது. சீசன் ஆட்டமாக அவர் ஆடியது அந்த ஒன்றுதான்.

ஃபிளாக்கோ 2023-ல், 38 வயதில், அணியே இல்லாமல் வீட்டில் இருந்தவர், இதே பிரவுன்ஸுக்கு மாற்றாக வந்து பிளேஆஃப் வரை கொண்டுபோனார். அவரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அவரை இங்கே யாரும் மறக்கவில்லை.