கிளிஞ்சலில் ஊற்றும் ஆசிட்டின் செறிவைக் கூட்டியும் நுரை ஏன் ஒரே நேரத்தில் அடங்குகிறது?

கேள்வியின் சுருக்கம்: பள்ளி புராஜெக்டுக்காகக் கடலூர் சில்வர் பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சலை உடைத்து, மூன்று குடுவையில் 5 கிராம் வீதம் போட்டிருக்கிறீர்கள். 0.5, 1, 2 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் அமிலம் என்ற செறிவு அளவு; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கைக்கான அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தலா 25 மில்லி ஊற்றி, நுரை அடங்கும்வரை நேரம் பார்த்திருக்கிறீர்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன. அப்படியானால் செறிவுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்கிறீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அளந்தது வேகத்தை அல்ல, அமிலம் தீர எடுத்துக்கொண்ட நேரத்தை.

கணக்கைப் பாருங்கள். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் 5 கிராம் என்றால் 0.05 மோல், ஒரு மோலுக்கு இரண்டு மோல் அமிலம் என்பதால் முழுதும் கரைய 0.1 மோல் அமிலம் வேண்டும். உங்கள் 2 மோலார் குடுவையிலேயே இருந்தது 0.05 மோல்தான். அதாவது மூன்றிலும் தீர்ந்துபோனது அமிலம், கிளிஞ்சல் அல்ல. அடியில் துண்டுகள் மிச்சம் கிடந்திருக்குமே? 0.5 மோலாரில் 0.6 கிராம் அளவுதான் கரைந்திருக்கும், 2 மோலாரில் 2.5 கிராம்.

இந்த வினையின் வேகம் ஹைட்ரஜன் அயனியின் (அமிலம் நீரில் பிரிந்து தரும், கிளிஞ்சலைக் கரைக்கும் துகள்) செறிவோடு ஏறத்தாழ நேர் விகிதத்தில் போகிறது. முதல் வகை வினை என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பது இதைத்தான். முதல் வகை வினையில் செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், எவ்வளவு செறிவில் தொடங்கினாலும் ஒன்றே. பாதியாக இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 2 மோலார் 1 ஆகவும் இரண்டு நிமிடம், 0.5 மோலார் 0.25 ஆகவும் இரண்டு நிமிடம். கறாராகப் பார்த்தால் 2 மோலார் குடுவைதான் கடைசியில் அடங்க வேண்டும், ஏனென்றால் அது 0.5-க்கு இறங்கிவரவே நான்கு நிமிடம் போய்விடும். கரைசல் லேசாகச் சூடாவதும் பொங்கும் நுரையே கலக்கிவிடுவதும் அதைக் கொஞ்சம் முந்தச் செய்கின்றன. கடைசிக் குமிழி எப்போது நின்றது என்பதோ கண்மதிப்பு. அதில் அரை நிமிடம் முன்பின் ஆவது சாதாரணம். எல்லாம் சேர்ந்து மூன்றும் ஒன்றாக முடிந்ததுபோல் காட்டியிருக்கிறது.

வேகத்தை அளக்க வேண்டுமானால் முதல் அரை நிமிடத்தைப் பிடியுங்கள். கையாள எளிது எடை குறைவதைப் பார்ப்பதுதான். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குக் குடுவையின் எடை இறங்கும். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். 50 மில்லி 0.4 மோலார் அமிலம் முழுதும் தீர்ந்தாலே இறங்குவது 0.44 கிராம்தான், எனவே 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசால் பயனில்லை. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். 500 கிராம் வரை தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள், தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலையும் சாத்துங்கள். கடற்காற்றுக்கு இரண்டாம் தசம இலக்கம் நிலையாக நிற்காது.

அடர் அமிலம் 35 சதவீதம் என்று புட்டியில் போட்டிருந்தால் சுமார் 11.5 மோலார். 350 மில்லி வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) 87 மில்லி அமிலத்தை மெதுவாக ஊற்றி, ஆறியபின் 500 மில்லியாக்கினால் 2 மோலார் கிடைக்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், ஆசிரியரும் பக்கத்தில் இருக்கட்டும். இதிலிருந்து 50, 40, 30, 20, 10 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் வாலைவடிநீரால் 50 மில்லியாக்குங்கள்: 2, 1.6, 1.2, 0.8, 0.4 மோலார். ஒரு சுற்றுக்கு 150 மில்லி செலவு, ஆக மூன்று சுற்று பார்க்கலாம். கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அதன் செறிவு தெரியாது, பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

கிளிஞ்சல் ஒரே வகையாக இருக்கட்டும். 4, 5 மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்து, சல்லடையில் தூளைச் சலித்து நீக்கி, கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக 10 கிராம் எடுங்கள். தூள் கொஞ்சம் கலந்தாலும் பரப்பளவு எகிறி, செறிவின் விளைவையே மறைத்துவிடும். குடுவை வாயில் பஞ்சைத் தளர்வாக வையுங்கள். துளி தெறித்து வெளியே போனால் அதுவும் வாயுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை எடையைக் குறியுங்கள். கைப்பேசியில் வீடியோ எடுத்துப் பிறகு பார்த்து எழுதுவது சுலபம்.

முதல் பத்து விநாடி அளவீட்டை நம்ப வேண்டாம். 50 மில்லி நீர் சுமார் 0.07 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், அதனால் ஆரம்பத்தில் எடை இறங்கத் தயங்கும். 10 முதல் 30 விநாடி வரை எடை இறங்கும் சரிவை (விநாடிக்கு எத்தனை கிராம்) எடுத்துச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். ஏறத்தாழ நேர்கோடு வரும். 2 மோலார் புள்ளி கோட்டுக்குக் கீழே நழுவினால் பயப்பட வேண்டாம். அவ்வளவு வேகத்தில் துண்டுகளைக் குமிழிகள் போர்த்திக்கொள்ளும். குடுவையைச் சுழற்றுவதானால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுழற்றுங்கள், இல்லையேல் எதையும் தொடாதீர்கள்.

கத்திரி வெயில் காலத்தில் காலையில் பாதியும் மதியம் பாதியும் செய்யாதீர்கள். 10 டிகிரி வித்தியாசம் பல வினைகளின் வேகத்தை இரண்டு மடங்காக்கிவிடும். கிளிஞ்சலுக்குப் பதில் மக்னீசியம் நாடாவுக்கு மாறுவதானால் இந்தச் சூடு இன்னும் பெரிய தொல்லை: 0.024 கிராம் நாடாவை 10 மில்லி அமிலத்தில் போட்டால் 11 டிகிரி ஏறும், 50 மில்லியில் 2 டிகிரிதான். சோதனைக் குழாயில் செய்பவர்களுக்கு 'இரட்டிப்பு செறிவு, மூன்று மடங்கு வேகம்' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நாடாவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே நறுக்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஆக்சைடு படலம் சீக்கிரம் பிடிக்கும்.

வினிகரை வைத்தும் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளுங்கள். 5 சதவீத வினிகர் 0.83 மோலார், அதில் அயனிகளாகப் பிரிவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பத்து மடங்கு நீர்த்தாலும் ஹைட்ரஜன் அயனி மூன்று மடங்கு சொச்சம்தான் குறையும். கந்தக அமிலம் மட்டும் கிளிஞ்சலுக்கு வேண்டவே வேண்டாம். கால்சியம் சல்பேட் துண்டின் மேல் படிந்து, செறிவு எதுவானாலும் சற்று நேரத்தில் வினை படுத்துவிடும்.